பக்கம் மாறியவர்கள்

"எனக்கு இந்த நிச்சயதார்த்தம் வேண்டாம்மா."

வெள்ளிக்கிழமை காலை. குக்கர் விசிலடித்துக்கொண்டிருந்தது. வந்தனா சொன்னது சரியாகத்தான் காதில் விழுந்ததா என்று கீதாவுக்குச் சந்தேகம். கேஸை அணைத்தாள்.

"என்னட்டி சொன்ன?"

"ஷ்ரவண் வேண்டாம். ஞாயித்துக்கிழமை நிச்சயம் வேண்டாம்."

கீதாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு கோபம் வந்தது.

இந்த ஷ்ரவணுக்காக இந்த வீட்டில் நடந்த ரகளை கொஞ்சமா? மாட்டுங்கா ஐயர் வீட்டுப் பையன்தான் வேண்டும் என்று வந்தனா இரண்டு வருடம் ஒற்றைக்காலில் நின்றாள். தாராவியில் பை தைக்கும் பட்டறை நடத்தும் அவள் அப்பா நாகராஜ், "அவிய வேற, நாம வேற" என்ற ஒரே பேச்சில் நின்றார். கீதா மகள் பக்கம் சேர்ந்துகொண்டு புருஷனோடு மாதக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தாள். கடைசியில் நாகராஜ் இறங்கி வந்தார். தானே மாட்டுங்காவுக்குப் போய், பையனின் பெற்றோர் ஷ்யாமளாவுக்கும் வேங்கடசுப்ரமணியனுக்கும் முன்னால் உட்கார்ந்து, "என் பிள்ளைய உங்க வீட்டுக்குத் தாரேன்" என்று வாய்விட்டுச் சொன்னார். ஊர்ச் சங்கத்தில் ஒவ்வொருவருக்கும் நேரில் போய்ச் சொல்லி, அவர்கள் முகம் சுளித்ததையும் பார்த்துக்கொண்டு வந்தார்.

நாளை மறுநாள் நிச்சயம். பட்டுப்புடவைகூட பீரோவில் தொங்குகிறது.

"விளையாடுதியா? உங்கப்பாகிட்ட நான் எப்படிச் சண்ட போட்டேன்னு உனக்குத் தெரியாது? இப்ப வந்து வேண்டாம்னா? காலையில ஒரு பேச்சு, சாயந்திரம் ஒரு பேச்சா?"

"நான் சொல்றதக் கேளும்மா..."

"ஒண்ணும் கேக்கண்டாம். ட்யூட்டிக்குக் கிளம்பு. சாயந்திரம் வரும்போது புத்தி சரியாயிட்டு வா."

வந்தனா பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். சயான் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். பக்கவாதம் வந்து கை விழுந்தவர்களை மறுபடி டம்ளர் பிடிக்க வைப்பவள். அவளுக்குப் பொறுமை அதிகம். அன்று அந்தப் பொறுமை வாசல் வரைகூட வரவில்லை. கதவை அறைந்துவிட்டுப் போனாள்.

சத்தம் கேட்டு நாகராஜ் மேல்தளத்திலிருந்து ஏணி வழியாக எட்டிப் பார்த்தார்.

"என்ன சத்தம்?"

"ஒண்ணுமில்ல. காத்து."

இந்தச் சந்துக்குள் காற்றா? நாகராஜ் நம்பவில்லை. ஆனாலும் கேட்கவில்லை.

*

கீதா டீச்சராக இருக்கும் பள்ளிக்கூடத்திலும் அன்று அவளுக்கு ஒரு கண்டம் காத்திருந்தது.

ஒன்பதாம் வகுப்புக்கு அவள் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு வகுப்பு நடத்துகிறாள். கால அட்டவணையில் அதற்குப் பெயர் வாழ்க்கைத் திறன். பிள்ளைகள் வைத்த பெயர் 'பக்கம் மாறுற பீரியட்'. பெஞ்சுகளை ஓரம் தள்ளிவிட்டு ஒரு கேள்வி போடுவாள். ஆமாம் என்பவர்கள் ஜன்னல் பக்கம், இல்லை என்பவர்கள் கதவுப் பக்கம். பேசப் பேச எப்போது வேண்டுமானாலும் பக்கம் மாறலாம். யாரும் கேலி செய்யக் கூடாது. மாறுகிறவர்கள் ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: புதிதாக என்ன கேட்டேன், எது என்னை நகர்த்தியது. 'அவன் போனான், நானும் போனேன்' என்பது செல்லாது.

அதற்குத்தான் புகார் வந்திருந்தது.

"ராபியாவோட அப்பா," என்றார் தலைமையாசிரியை ஸ்மிதா மேடம், இந்தியில். "நாலு நாளா வந்து நிக்கிறார். பிள்ளைகளைக் குழப்புறீங்களாம். இன்னைக்கு உங்க வகுப்புல கடைசி பெஞ்சுல உட்காரச் சொல்லியிருக்கேன். பார்த்த பிறகும் அவர் வேண்டாம்னா, நிறுத்திடுவோம் கீதா. எனக்கும் மேல பதில் சொல்லணும்."

கீதா தலையாட்டினாள். வந்தனாவுக்கு ஒரு மெசேஜ் தட்டினாள். அழித்தாள். மறுபடி தட்டினாள். மறுபடி அழித்தாள்.

ராபியாவின் அப்பா சைஃப் வந்துவிட்டார். பெல்ட் பட்டறைக்காரர். திருநெல்வேலி மேலப்பாளையத்திலிருந்து வந்து தாராவியிலேயே நிலைத்துவிட்ட குடும்பம்.

"டீச்சர், நான் சண்டைக்கு வரல," என்றார் நேராக. "எம்மவ போன வருசம், பத்தாவதுக்கப்புறம் காமர்ஸ் படிக்கேன்னா. சரின்னேன். இப்ப சயின்ஸுங்கா. கேட்டா, 'மனசு மாறுறது தப்பில்லன்னு டீச்சர் சொன்னாங்க வாப்பா'ங்கா. வாரத்துக்கு ஒரு பேச்சு பேசுத பிள்ளை நாளைக்கு எதுல நிலைச்சு நிக்கும்? நீங்களும் பொம்பளப் பிள்ள வச்சிருக்கிய. சொல்லுங்க."

காலையில் தானே இதைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறோம் என்று கீதாவுக்கு உறைத்தது.

"உக்காருங்க. பாருங்க," என்றாள்.

அன்றைய கேள்வியைப் பிள்ளைகளே கொண்டு வந்திருந்தார்கள். கீப்பர் பிடித்த பந்து உன் மட்டையில் உரசியது உனக்குத் தெரியும். அம்பயர் கவனிக்கவில்லை. நீயே வெளியே போக வேண்டுமா?

வகுப்பு இரண்டாகப் பிளந்தது. கதவுப் பக்கம்தான் கூட்டம்.

"அம்பயர் எதுக்கு இருக்கான்?" தௌசீப் ஆரம்பித்தான். தெரு அணியின் கேப்டன். அவன் பேச்சுக்கு மதிப்பு அதிகம். "நாளைக்கு நான் அவுட்டே ஆகாம இருக்கும்போது அவுட்டுன்னு கைய தூக்குவான். அப்ப நான் நிக்க முடியுமா? அதுக்கு இது சரியாப் போச்சு."

ஜன்னல் பக்கத்திலிருந்து ஏழெட்டுப் பேர் சட்டென்று அவன் பக்கம் ஓடினார்கள்.

"நில்லு," என்றாள் கீதா. "புதுசா என்ன கேட்ட?"

முதல் பையன் தலையைச் சொறிந்தான். "தௌசீப் சொன்னான் டீச்சர்."

"என்ன சொன்னான்?"

"அது... வந்து... அவன் கேப்டன் டீச்சர்."

வகுப்பு சிரித்தது. அவன் அசடு வழிந்தபடி பழைய இடத்துக்குத் திரும்பினான். இரண்டு பேர் காரணம் சொல்லி நின்றார்கள். பேச்சு சூடுபிடித்தது. பந்து போட்டவனுக்குத் தெரியாதா என்றாள் ஒருத்தி. தெரிந்தால் என்ன, அவன் மட்டை பிடித்தாலும் இதைத்தான் செய்வான் என்றான் இன்னொருவன். ஒவ்வொருவராகக் காரணம் சொல்லிச் சொல்லிக் கதவுப் பக்கம் போனார்கள்.

ஜன்னலோரம் கடைசியாக மிஞ்சியது ராபியா மட்டும்.

எல்லாரும் அவளையே பார்த்தார்கள். "வாயேன்," என்று ஒருத்தி கண் ஜாடை காட்டினாள். கடைசி பெஞ்சில் சைஃப் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார்.

"ராபியா, நீ?"

"நான் இங்கதான் டீச்சர்."

"தனியா நிக்கியே."

"எனக்குப் புதுசா யாரும் ஒண்ணும் சொல்லலையே. அம்பயர் தப்புப் பண்ணுவார்னு எனக்கு முன்னாடியே தெரியும். பந்து பட்டதும் தெரியும். தெரிஞ்சுக்கிட்டு எப்படி நிக்கிறது?" அவள் கால் நகரவில்லை. "வேற ஏதாவது சொல்லுங்க. சரியா இருந்தா வாரேன்."

மணி அடித்தது. பிள்ளைகள் தர்க்கம் செய்துகொண்டே பெஞ்சுகளை இழுத்துப் போட்டார்கள்.

சைஃப் எழுந்து வந்து மகள் முன்னால் நின்றார். கீதா கரும்பலகையை அழிப்பதுபோல் முதுகைக் காட்டிக்கொண்டாள். காது அங்கேயே இருந்தது.

"இப்படி நிக்கத் தெரிஞ்சவ, காமர்ஸ மட்டும் எதுக்கு மாத்துன?"

"நீங்க கேக்கவே இல்லியே வாப்பா. ஏன் சொன்னத மாத்துனன்னுதான் திட்டுனிய. எதுக்குன்னு ஒரு தடவகூட கேக்கல."

சைஃப் பக்கத்தில் கோணலாகக் கிடந்த பெஞ்சை நேராக இழுத்துப் போட்டார்.

"சரி. இப்ப கேக்கேன். வீட்டுக்குப் போயி சொல்லு. முழுசாச் சொல்லு."

வாசலில் நின்ற ஸ்மிதா மேடத்திடம், "நடக்கட்டும் மேடம்," என்றார். அப்புறம் கீதாவைப் பார்த்து, "ஆனா சயின்ஸுக்கு நான் இன்னும் சம்மதிக்கல டீச்சர். அதையும் சொல்லிட்டேன்" என்றார்.

கீதா சிரிக்க முயன்றாள். அழிப்பானைக் கீழே வைத்ததும் செல்போனை எடுத்தாள். இந்த முறை அழிக்கவில்லை.

'சீக்கிரம் வா. நான் கேக்கேன்.'

*

வந்தனா சாயங்காலம் வந்தபோது மழை பிடித்திருந்தது. சந்தில் தண்ணீர் ஓடியது. துப்பட்டாவைப் பிழிந்துகொண்டே வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"சொல்லு," என்றாள் கீதா. "அவன் என்ன செஞ்சான்?"

"ஒண்ணும் செய்யல. அதான் சொல்லக் கஷ்டமா இருக்கு."

போன ஞாயிற்றுக்கிழமை ஷ்ரவண் அவளை அணுசக்தி நகருக்குக் கூட்டிப் போயிருந்தான். அங்கேதான் அவனுக்கு இன்ஜினியர் வேலை. குவார்ட்டர்ஸ் கிடைத்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்களிடம், "கல்யாணத்துக்கப்புறம் இவ வேலைய விட்டுடுவா" என்று சொல்லி அறிமுகப்படுத்தினான். வந்தனாவுக்கே அது புதுச் செய்தி. திரும்பி வரும்போது அவள் வேலூர் விஷயத்தைச் சொன்னாள்.

"வேலூர்ல என்ன?"

"அங்க ஆஸ்பத்திரியில கை சிகிச்சைக்குன்னு தனியா ஒரு வருஷப் பயிற்சிம்மா. எனக்கு இடம் கிடைச்சிருக்கு. முதல்ல அவன்கிட்ட சொல்லிட்டு உன்கிட்ட சொல்லலாம்னு இருந்தேன்."

"கோவப்பட்டானா?"

"இல்ல. சிரிச்சான். 'நீ போகமாட்டே வந்தனா. கடைசியில என் வழிக்குத்தான் வருவே, எப்பவும் வர மாதிரி'ன்னான். ரொம்பப் பிரியமாத்தான் சொன்னான்." வந்தனா தரையைப் பார்த்தாள். "நான் ராத்திரியெல்லாம் யோசிச்சேன். அவன் சொன்னது உண்மைம்மா. எந்த ஆஸ்பத்திரி, என்ன ஷிஃப்ட், யார்கூடப் பேசறது, எல்லாத்துலயும் நான்தான் நகர்ந்திருக்கேன். அவன் ஒரு தடவகூட நகரல. நல்லவன். ஆனா நான் பேசறது அவனுக்கு டைம்பாஸ் மாதிரி. முடிவு முன்னாடியே ஆயாச்சு."

பின்னால் ஏணி கிரீச்சிட்டது. நாகராஜ் பாதி இறங்கி நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

"கை நீட்டுனானா?"

"இல்லப்பா."

"குடிக்கானா?"

"இல்லப்பா."

"அப்புறம் என்னட்டி வேணும் உனக்கு? நான் வேண்டாம் வேண்டாம்னேன். ஆத்தாளும் மகளும் கேட்டியளா? என் வாயால போயி வாக்குக் குடுத்துட்டு வந்திருக்கேன். சங்கத்துல ஒவ்வொருத்தனும் என்ன கேட்டான் தெரியுமா? நான் ஒரு தடவ மாறுனதே போதும். இனி என்னால முடியாது. ஞாயித்துக்கிழம நிச்சயம் நடக்கும்."

"அவ சொல்லுதத..."

"கேட்டேன். எல்லாம் கேட்டேன்." சட்டையை மாட்டிக்கொண்டு, குடைகூட எடுக்காமல் மழையில் இறங்கிப் போய்விட்டார்.

வந்தனா அழவில்லை. அது கீதாவுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"இதையெல்லாம் ஷ்ரவண்கிட்ட சொன்னியா?" என்று கேட்டாள்.

"இல்ல. சொல்லி என்ன? அவன் மாறமாட்டான்."

"அது உனக்கு எப்படித் தெரியும்? அவன் முடிவு பண்ணிட்டான்னு நீ சொல்லுத. நீயும் அவனப் பத்தி முடிவு பண்ணிட்டுத்தானே வந்து உக்காந்திருக்க? கேக்கதுக்கு அவனுக்கும் ஒரு சந்தர்ப்பம் குடு. அதுக்கப்புறம் வேண்டாம்னா வேண்டாம். உங்கப்பாகிட்ட நான் பேசுதேன்."

வந்தனா ஈரத் துப்பட்டாவை உதறிக் கொடியில் போட்டாள். பிறகு போனை எடுத்து ஷ்ரவணைக் கிங்ஸ் சர்க்கிளுக்கு வரச் சொன்னாள்.

"நீயும் வாம்மா. தள்ளி நின்னா போதும்."

*

மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிளில் மழை விட்டிருந்தது. காபிக் கடை வாசலில் வழக்கமான கூட்டம். பூக்காரி ஈரத் துணிக்கடியிலிருந்து மல்லிகையை வெளியே எடுத்துக்கொண்டிருந்தாள். கீதா சாலைக்கு எதிர்ப்பக்கம் ஒரு பாத்திரக் கடையோரம் ஒதுங்கி நின்றாள். எவர்சில்வர் குடங்களில் தன் முகம் நீளமாகவும் குட்டையாகவும் தெரிவதைப் பார்க்கப் பிடிக்காமல் சாலையைப் பார்த்தாள்.

ஷ்ரவண் ஆபீஸ் பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வந்திருந்தான். கழுத்தில் அடையாள அட்டை இன்னும் தொங்கியது. வந்தனா பேசினாள். அவள் உதடுகள் அசைவது தெரிந்தது. நடுவில் பஸ் ஒன்று மறைத்து நகர்ந்தது. ஷ்ரவண் முதலில் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. பையைத் தோளிலிருந்து இறக்கிக் கையில் பிடித்துக்கொண்டான்.

அவள் முடிக்கக்கூட இல்லை. அவன் பேச ஆரம்பித்துவிட்டான். குரல் உயர்ந்ததால் கீதாவுக்கும் கேட்டது.

"சரி, போ. வேலூர் போ. ஒரு வருஷம்தானே? ரெண்டு வருஷம்கூட இரு. குவார்ட்டர்ஸ் வேண்டாமா, திருப்பிக் கொடுத்துடறேன். வேலைய விட வேண்டாம். நைட் ட்யூட்டியா, பண்ணு. நீ எது சொன்னாலும் சரி வந்தனா. ஞாயித்துக்கிழமை மட்டும் நிறுத்தாதே. ப்ளீஸ்."

"நான் சொன்னது உனக்குப் புரிஞ்சுதா ஷ்ரவண்?"

"புரிஞ்சுது. எல்லாத்துக்கும் ஓகே. இன்னும் என்ன வேணும்?"

வந்தனா திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் குழப்பம் இருந்தது. கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. அவன் மாறிவிட்டானா, பயந்துவிட்டானா? அவன் கண் கலங்கியிருந்தது நிஜம். பத்து வருடமாகப் பிள்ளைகள் பக்கம் மாறுவதைப் பார்த்தவளுக்கே இதைச் சொல்லத் தெரியவில்லை. மகளிடம் போகலாமா, இங்கேயே நிற்கலாமா என்று கால் தவித்தது.

கைப்பையில் செல்போன் அதிர்ந்தது. நாகராஜ்.

"எங்கங்க இருக்கிய? குடை வேற எடுக்கல..."

"மாட்டுங்காவுல. அவிய வீட்டு வாசல்ல நிக்கேன். இப்பத்தான் வெளிய வந்தேன்."

"யார் வீட்டு வாசல்ல?"

"சம்பந்தி வீட்டு... ஷ்யாமளாம்மா வீட்டுலதான்." நாகராஜ் மூச்சு வாங்கினார். "சொல்லிட்டேன் கீதா. நிச்சயம் வேண்டாம்னு சொல்லிட்டேன். ரெண்டு பேர்கிட்டயும் கையெடுத்துக் கும்பிட்டேன்."

கீதா பக்கத்திலிருந்த குடத்தைப் பிடித்துக்கொண்டாள். கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

"என்னங்க இது? முடியாதுன்னு சொல்லிட்டுத்தானே போனிய!"

"போனேன். கோவத்துலதான் போனேன். நாக்கா முக்கு வரைக்கும் நடந்தேன். அந்தப் பையன் சொன்னான்லா, கடைசில நீ என் வழிக்குத்தான் வருவேன்னு? ரெண்டு வருசத்துக்கு முன்னால நானும் உன்கிட்ட அச்சு அசலா அதையேதான் சொன்னேன். ஞாபகம் இருக்கா? 'விடு, அவ கத்துவா, கடைசில என் வழிக்குத்தான் வருவா'ன்னேன். நான் பிரியமாத்தான் சொன்னேன். எம்பிள்ளைக்கு அது எப்படி இருந்திருக்கும்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல பாரு. அதக் கேட்டதுக்கப்புறம் எப்படிப் பேசாம இருக்கது? வாக்குக் குடுத்த எடத்துக்கே போயித்தான அத திருப்பி வாங்கணும். போன்ல சொன்னா மரியாத இல்ல. அதான் வந்தேன்."

சங்கத்தில் தலைகுனிந்து நின்ற மனிதர், அதே தலையோடு இன்று மழையில் நனைந்துகொண்டு மாட்டுங்கா மாடிப்படி ஏறியிருக்கிறார். சந்தோஷப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா?

"அவிய என்ன சொன்னாவ?"

"அந்த மனுசன் பேசவே இல்ல. அந்தம்மா அழுதுட்டாவ. உடனே பையனக் கூப்பிடுதேன்னு போன எடுத்தாவ. நான் வெளிய வந்துட்டேன். வந்தனாகிட்ட சொல்லு, அவ அப்பா சொல்லிட்டான்னு. அவ இனிமே யாருக்கும் விளக்கம் சொல்லண்டாம்."

"ஐயோ, இருங்க..."

அதற்குள் காபிக் கடை வாசலில் இன்னொரு செல்போன் ஒலித்தது. ஷ்ரவண் ஒரு கையால் வந்தனாவின் கையைப் பிடித்துக்கொண்டே, மறு கையால் அதை எடுத்துக் காதில் வைத்தான். முகத்தில் இன்னும் நம்பிக்கை இருந்தது.

"சொல்லும்மா. நானே கூப்பிடணும்னு இருந்தேன். எல்லாம் பேசி முடிச்சா..."

நின்றான். கேட்டான். வந்தனாவின் கையை மெல்ல விட்டான்.

"உங்கப்பா எங்காத்துல என்ன சொல்லிட்டு வந்திருக்கார் தெரியுமா? நிச்சயம் வேண்டாம்னு!" என்றான்.

வந்தனா அவனைப் பார்த்தாள். பிறகு சாலைக்கு இந்தப் பக்கம், காதில் போனோடு நிற்கும் அம்மாவைப் பார்த்தாள். கீதா மெல்லத் தலையசைத்தாள்.

தான் சொல்வதை அப்பா காதுகொடுத்துக் கேட்க வேண்டும் என்று இரண்டு வருடமாக அவள் எதிர்பார்த்தது அன்றைக்குத்தான் நடந்திருந்தது. அவள் முகத்தில் முதலில் வந்தது அழுகை. அப்புறம்தான், எதிரில் கண்கலங்கி நின்றவனுக்கு என்ன பதில் சொல்வது என்ற கேள்வி வந்தது.